நாற்பதில் தானாக வருவதும் நாமாக வரவழைப்பதும்

உத்தமபாளையம் பக்கம் ஒரு காதுகுத்து. மொய் எழுதும் மேசையில் வழக்கம்போல என் மச்சான். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மொய் நோட்டு அவர் கைக்குத்தான் போகும். எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். இந்த முறை நோட்டு மேசையின் அந்த விளிம்புக்குப் போயிருந்தது, நாற்காலி இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தது. பேத்தியை விட்டு நோட்டைப் படிக்கச் சொன்ன ஒரு அப்பத்தா சத்தம் போட்டார்: “ஏய்யா, ஆயிரத்தொன்னு செஞ்சா நூத்தியொன்னுன்னு எழுதியிருக்க? நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு நூத்தியொன்னோட வருவீகளோ?” பந்தலே சிரித்தது. “வெளிச்சம் பத்தல அப்பத்தா” என்றார் மச்சான். மணி பகல் பன்னிரண்டு. “கண்ணாடி போடுங்கன்னு ஆறு மாசமா சொல்றேன், கேட்டாத்தானே” என்றாள் அக்கா.

பந்தியில் உட்கார்ந்தபோது அவரே வயிற்றைத் தடவிக்கொண்டு, “நாப்பத்தஞ்சு ஆச்சுல்ல மாப்ளே, தொப்பை வரத்தான செய்யும்” என்றார், நிம்மதியாக.

நம் பக்கத்தில் பலரும் இப்படித்தான். கண் மங்குவதை ஒளித்து வைக்கிறோம், தொப்பையையும் சர்க்கரையையும் வயசின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மை நேர்மாறானது. கண்ணில் வருவது தானாக வருவது. அதை யாராலும் தடுக்க முடியாது, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. தொப்பையைப் பெரும்பாலும் நாம்தான் வரவழைக்கிறோம்.

முதலில் கண். கருவிழிக்குப் பின்னால் ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், லென்ஸ் உப்பிக்கொள்ளும். இளநுங்கு முற்றுவதைப் போல இந்த லென்ஸ் வருஷத்துக்கு வருஷம் இறுகுகிறது. பத்து வயசுப் பிள்ளையால் ஏழு செ.மீ. கிட்டத்தில் பிடித்த எழுத்தையும் படிக்க முடியும். நாற்பதில் அது இருபது செ.மீ.க்கு மேல் போய்விடும். ஐம்பதில் ஏறத்தாழ நாற்பது. அதாவது இறுக்கம் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கிட்டப் பார்க்கும் எல்லை புத்தகம் பிடிக்கும் தூரத்தை நெருங்கத் தொடங்குகிற வயசுதான் நாற்பது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று சொல்வது தவறு. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் போக்கில் இறுகும். பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, அறுபதை ஒட்டி நிலைத்துவிடும்.

மொய் நோட்டில் வரும் பிழையைச் சிரித்துத் திருத்திவிடலாம். பிழைப்பே கண்ணை நம்பி இருப்பவர்கள் பாடு அப்படியில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் குடோன்களில் பெண்கள் குவியலுக்கு முன் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். அளவைச் சல்லடை பிரித்துவிடும். நிறம் வெளுத்தது, வெடித்தது, பூச்சி கடித்தது எல்லாம் கண் பார்த்துக் கை ஒதுக்க வேண்டியவை. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்றில் கை மெதுவாகும். வேலையில் சோம்பல் வந்துவிட்டது என்று பேச்சு கேட்க வேண்டிவரும். காரணம் சோம்பல் அல்ல, வெள்ளெழுத்து. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதைத் தாண்டிய 751 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. ஒரு பாதிக்குப் படிக்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகே கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியது. இத்தனைக்கும் அது சில நூறு ரூபாய் பெறுகிற சாதாரணக் கண்ணாடி. இதைப் படித்ததிலிருந்து போடி குடோன்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைத்தெருவில் தொங்கும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வாங்கினால் படிக்க முடியும், உண்மைதான். ஆனாலும் நாற்பதில் ஒருமுறையாவது கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கண் நீர் அழுத்தம் வலியில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்னும். சர்க்கரை விழித்திரையைக் கெடுப்பதும் சத்தமில்லாமல்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் இரண்டும் தெரியும். இதற்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1985-லேயே தேனிக்கு வந்துவிட்டது. அதைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 58 வயதில், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை அவருக்கு. அந்தக் கையாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர்.

இனி தொப்பை. “வயசானா உடம்பு சாப்பாட்டை எரிக்காது” என்பதை மருத்துவம் படித்தவர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியை அளந்தது. உடல் எடை, தசை அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், இருபதிலிருந்து அறுபது வயதுவரை அது ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. அப்படியானால் நாற்பதில் வேட்டி இடுப்பில் நிற்காமல் போவது ஏன்? மாறியது நம் நடையும் தட்டும். முப்பதைத் தாண்டியபின் வேலை கொடுக்காத உடம்பில் பத்து வருஷத்துக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் தசை கரைகிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் வந்தால், அதில் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக இடமில்லை. கொழுப்பாகி வயிற்றில் சேர்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலேயே தங்குகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிற மண் இது. முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கிய 1887-இல், அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்குக்கு வயது 46, அணை திறந்த 1895-இல் 54. பாலார்பட்டிக்காரர்கள் அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கும்போது, அத்தனையும் ஒரு நடுவயதுக்காரர் செய்த வேலை என்பதும் சேர்ந்தே என் நினைவுக்கு வரும். அந்தத் தண்ணீரால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாற்று நடவும் களையெடுக்கவும் வரப்பில் நடக்கவும் இருந்த உடம்புகளுக்கான சோற்றளவு, பைக்கில் போய்க் கடையில் உட்காருகிற உடம்புகளின் தட்டிலும் அப்படியே தொடர்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி புரோட்டா சால்னா. மூன்று வேளையும் மாவு. 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, இந்தியர் ஒரு நாளில் சாப்பிடும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதே ஆய்வுத் திட்டம் 2023-இல் நாட்டில் பத்து கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது.

இதற்கு மருந்து தேடி ஓட்ஸ் டப்பா வாங்க வேண்டாம். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு மானாவாரிக் காட்டு மொச்சையும் தட்டாம்பயறும் வருசநாட்டு முருங்கைக்கீரையும் கேப்பைக் களியும் நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பவைதான். குழம்பில் நாலு மொச்சை மிதப்பது போதாது. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. களிக்கும் அதே அளவுதான். கேப்பை என்பதற்காக இரண்டு உருண்டை கூடுதலாகப் போட்டால் அதுவும் மாவுதான். பன்னீர் திராட்சையைக் கேட்பீர்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பெருமை. ஒரு கைப்பிடி பழமாகச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். கூடவே தசைக்கு வேலை வேண்டும். சுருளி அருவிக்கு எப்போதோ ஒரு நாள் போய்வரும் நடை கணக்கில் சேராது. தினமும் அரைமணி வேக நடை, வாரத்தில் இரண்டு நாள் குந்தி எழுவது, எடை தூக்குவது.

சோதனையின் எண்கள் சுருக்கமாக: இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குள், பெண்ணுக்கு 80-க்குள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குள். 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126 தொட்டால் மருத்துவர் மறுபடி சோதித்து உறுதி செய்வார். ரத்த அழுத்தம் 140/90 தாண்டக் கூடாது. முப்பது வயதைத் தாண்டிய யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து பார்க்கிறது, மாத்திரையும் தருகிறது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது சராசரியாக 46-ஐ ஒட்டி. மேலை நாட்டில் 51. நிற்கும் முன் சில வருஷம் தூக்கம் கெடும், திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், பொசுக்கென்று கோபம் வரும். வீட்டில் மதினியோ சின்னம்மாவோ எரிந்து விழுந்தால் பிள்ளைகள் கேலி செய்யாமல் இருக்க இது தெரிந்திருந்தால் போதும். நின்றபின் எலும்பு வேகமாக மெலியும், அதனால்தான் கீரை, கேப்பை, வெயில், நடை நாலும் அவர்களுக்கு இன்னும் அவசியம். நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயும்போது திரும்பும் பெண்கள், அந்தத் ‘தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரைப் பார்ப்பதே இல்லை. பகலில் நடக்கும் முகாமுக்கும் அவர்களால் வர முடியாது. தோட்டம் விடுமுறை விடும் நாளில், ஜீப் நிற்கும் இடத்திலேயே ஒரு மேசை போட்டுச் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து, படிக்கும் கண்ணாடியும் அங்கேயே கொடுத்தால், தேனி மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள முகாம் வேறு இருக்க முடியாது.