தோல் சாட்டை வாங்கும் முன்: சம்மதம், காயம், சட்டம்

காதல் விளையாட்டில் அடிப்பதற்கென்றே காமசூத்திரத்தில் ஒரு பகுதி உண்டு. அதே பகுதியில் மூன்று விபத்துகளையும் வாத்ஸ்யாயனர் பதிவு செய்திருக்கிறார். சோழ மன்னன் ஒருவன் கலவியின்போது அடித்ததில் சித்திரசேனை என்ற கணிகை இறந்துபோனாள். குந்தள நாட்டுச் சாதகர்ணியின் பட்டத்தரசி மலையவதிக்கும் அதே கதி. நரதேவன் என்பவனின் கை தவறியதில் ஒரு நடனக்காரி கண்ணை இழந்தாள். இத்தகைய அடிகள் தென்னாட்டார் வழக்கம் என்று சொல்லும் அவர், அவற்றைப் பின்பற்றக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். பழைய நூல் சொல்லும் இந்தப் பாடம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்: ஆசை குற்றமல்ல, ஆனால் கை தவறும்.

வயது வந்த இருவர் மனமொத்து, வலியையும் இன்பத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்வதை இன்றைய மருத்துவம் நோய் என்று சொல்வதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியல், சம்மதத்துடன் நடக்கும் இத்தகைய விருப்பங்களைக் கோளாறுகளின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. அதனால் ரகசியமாகவும் தயக்கத்தோடும் இணையத்தில் ‘ஃப்ளாகர்’ என்று தேடும் தம்பதிகளுக்கும் காதலர்களுக்கும் தேவைப்படுவது அறிவுரை அல்ல, தகவல். பல வார்கள் தொங்கும் அந்தத் தோல் சாட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே படலாம், எங்கே படக் கூடாது, சட்டம் எதுவரை துணை வரும், தவறு நடந்தால் யாரிடம் போவது என்பவற்றைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: பழகாத கை குறி தவறினாலும் காயம் ஆகாத பொருளே முதல் சாட்டையாக இருக்க வேண்டும்.

சட்டம் எதுவரை சம்மதத்தை ஏற்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 87ஆவது பிரிவேதான். 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சம்மதித்து ஏற்கும் தீங்கு குற்றமாகாது என்பது அதன் சாரம். ஆனால் மரணத்தையோ கொடுங்காயத்தையோ உண்டாக்கும் எண்ணம் இருக்கக் கூடாது. அப்படி நேரக்கூடும் என்று தெரிந்தும் செய்திருக்கக் கூடாது. பொழுதுபோக்குக்காக இருவர் வாள் விளையாட்டு ஆடுவதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. முறை தவறாமல் ஆடும்போது படும் அடிக்கு இருவரும் ஒப்புக்கொண்டதாகவே பொருள்.

கொடுங்காயம் எது என்பதை 116ஆவது பிரிவு சொல்கிறது. எலும்பு முறிவு, பல் உடைதல், கண்ணோ காதோ நிரந்தரமாகப் பழுதாவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, உயிருக்கு ஆபத்தான காயம், 15 நாள் கடும் வலியில் கிடக்க வைக்கும் அல்லது வழக்கமான வேலைகளைச் செய்ய விடாத காயம் ஆகியவை அதில் அடங்கும். இந்தக் கோட்டைத் தாண்டினால் “அவர்தான் சரி என்றார்” என்ற பதில் காப்பாற்றாது.

எல்லாச் சம்மதமும் சம்மதம் ஆகிவிடாது என்கிறது 28ஆவது பிரிவு. காயம் நேரும் என்ற பயத்திலோ, உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டோ கொடுத்த சம்மதம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் அது செல்லாது. என்ன நடக்கிறது என்று புரியாத அளவுக்குப் போதையில் இருப்பவரின் சம்மதமும் அப்படியே. சாட்டையும் மதுவும் ஒரே இரவில் சேரக் கூடாது என்பதற்கு உடல்நலக் காரணம் மட்டுமல்ல, சட்டக் காரணமும் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே போக்சோ சட்டம் வந்துவிடும்.

வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1993இல் பிரபுக்கள் சபை, பிரவுன் வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: இன்பத்துக்காக உடற்காயம் உண்டாக்கியவர், எதிரில் இருந்தவர் சம்மதித்தார் என்று சொல்லித் தப்ப முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 1997இல் அதில் தலையிட மறுத்தது. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதைக் கடுமையான காயங்களுக்கு எழுத்து வடிவிலேயே உறுதி செய்துவிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் இன்னொன்றைத் தெளிவாக்கியது: நினைவு தப்பிய ஒருவரிடம் “முன்பே சரி சொன்னாயே” என்று நடந்துகொள்ள முடியாது, சம்மதம் கடைசிவரை விழிப்போடு இருக்க வேண்டும்.

எந்தத் தோல்?

சாட்டையின் குணத்தைத் தீர்மானிப்பது தோலின் மென்மையும் எடையும். மென்மையான, அகலமான வார் விழும்போது ‘பொத்’ என்று பரவலாக விழும். வலி ஆழமாக, மந்தமாக இருக்கும். மெல்லிய, விறைப்பான வார் ‘சுளீர்’ என்று தோலின் மேற்பரப்பைத் தீண்டும். தழும்பும் கீறலும் அதில்தான் எளிதாக வரும். புதியவர்கள் ‘பொத்’ பக்கமே நிற்பது நல்லது.

அந்த வகையில் செம்மறியாட்டுத் தோலும் மென்மையான சுவேட் தோலும் முதல் தேர்வு. பசுத் தோலில் மெலிதாக்கிப் பதமாக்கியதும் பரவாயில்லை. தடித்த எருமைத் தோல், பெல்ட்டுக்குப் பயன்படும் விறைத்த தோல், ரப்பர், பின்னல் போட்ட வார், நுனியில் முடிச்சுப் போட்ட வார் ஆகியவை பழகிய கைக்கு உரியவை. தோல் என்று சொல்லி ரெக்சினை விற்பதும் நடக்கிறது. ரெக்சின் வாரின் வெட்டிய ஓரம் கத்தி போல இருக்கும். மடித்தால் மேற்பூச்சு வெடித்து உரியும்.

வெளிநாட்டுக் கையேடுகள் மான் தோலைப் பரிந்துரைக்கும். அங்கே பண்ணையில் வளர்த்த மானின் தோல் சட்டப்படி கிடைக்கிறது. இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். “ஒரிஜினல் மான் தோல்” என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள்.

அடுத்தது பதனிடும் முறை. பெரும்பாலான தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. சரியாகப் பதனிடாத தோலில் ஆறிணைதிற குரோமியம் உருவாகலாம். அது தோலில் ஒவ்வாமையையும் படையையும் உண்டாக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருட்களில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2015 மே முதல் கட்டுப்படுத்தியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்குத் தோல் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோலில் குரோமியப் பயம் இல்லை. ஆனால் அது சற்று விறைப்பாக இருக்கும் என்பதால் வார் மென்மையானதா என்று பார்த்தே வாங்க வேண்டும். எதுவானாலும் மூக்கைத் துளைக்கும் ரசாயன நெடியும், ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுவதும் கெட்ட அறிகுறிகள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

- வாரின் நீளம் சுமார் 35 முதல் 45 செ.மீ. போதும். நீளம் கூடக் கூட நுனியின் வேகம் கூடும், கட்டுப்பாடு குறையும்.
- வார்கள் அகலமாகவும் எண்ணிக்கையில் நிறையவும் இருந்தால் அடியின் வேகம் பகிர்ந்து போகும். நாலைந்து மெல்லிய வார்களே உள்ள சாட்டை புதியவருக்கு ஆகாது.
- நுனி சதுரமாகவோ மழுங்கலாகவோ இருக்கட்டும். கூராக வெட்டிய நுனி தோலைக் கிழிக்கும்.
- கைப்பிடியும் வார்களும் சேருமிடத்தில் ஆணியோ உலோக வளையமோ வெளியே துருத்தக் கூடாது. இழுத்துப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம்.
- சேருமிடத்துக்குக் கீழே ஒரு விரலில் வைத்தால் சாட்டை ஏறக்குறைய சமநிலையில் நிற்க வேண்டும். நுனிப் பக்கம் கனத்தால் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்து குறி தவறும்.

முதலில் உங்கள் முன்னங்கையிலும் தொடையிலும் அடித்துப் பாருங்கள். பிறகு தலையணை. குறித்த இடத்தில் திரும்பத் திரும்ப விழும்வரை இன்னொருவர் உடலுக்குப் போகாதீர்கள்.

உடலில் எங்கே, எங்கே கூடாது

சதைப்பிடிப்புள்ள இடங்கள் மட்டுமே ஏற்றவை: பிட்டம், தொடையின் பின்பக்க மேல்பகுதி, முதுகெலும்பை விட்டு விலகி மேல்முதுகின் இருபுறத் தசைகள். தலை, முகம், கழுத்து, முதுகெலும்பு, வால் எலும்பு, வயிறு, மூட்டுகள் ஆகிய இடங்களில் எந்தச் சாட்டையும் படக் கூடாது. விலா எலும்புகளின் கீழ்விளிம்பை ஒட்டிய முதுகுப் பகுதியில் சிறுநீரகங்கள் இருக்கின்றன. அங்கே மூடி மறைக்கத் தசை குறைவு.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு நெருங்கி நிற்பது. அப்போது வார் உடலைச் சுற்றி வளைந்து நுனி பக்கவாட்டில், விலாவிலோ இடுப்பெலும்பிலோ போய் விழும். நுனிதான் எப்போதும் வேகமானது. ஓரடி பின்னால் நின்று, நுனி இலக்கின் நடுவில் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்கள், உணர்வு மங்கிய சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் இறங்கக் கூடாது. சாட்டையின் தோல் ரத்தத்தை உறிஞ்சும். அதை முழுதாகக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். எனவே ஒரு சாட்டை ஒருவருக்கே. ரத்தக் கறை பட்டால் குப்பைக்கு. மற்ற நேரங்களில் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பேச்சு முதலில், சாட்டை பிறகு

என்ன செய்யலாம், என்ன கூடாது, எந்த இடம், எவ்வளவு நேரம் என்பதை நிதானமாக இருக்கும்போது பேசி முடித்துவிட வேண்டும். “வேண்டாம்” என்பதே விளையாட்டின் வசனமாகிவிடக்கூடிய இடம் இது. அதனால் நிறுத்துவதற்குத் தனிச் சொல் ஒன்றை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே நிறுத்து, மஞ்சள் என்றால் குறை என்பது பரவலான வழக்கம். பேச முடியாத நிலையில் கையில் பிடித்த பொருளைக் கீழே போடுவது அடையாளம். சொல் வந்த பிறகு விழும் ஒவ்வொரு அடியும் சம்மதமில்லாத அடி. முடிந்ததும் தண்ணீர், போர்வை, அருகிலிருப்பது, மறுநாள் ஒரு விசாரிப்பு ஆகியவையும் பொறுப்பில் சேர்ந்தவை.

சிறுநீரில் ரத்தம், மூச்சுத் திணறல், மரத்துப்போதல், வளர்ந்துகொண்டே போகும் வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். “மாடிப்படியில் விழுந்தேன்” என்று சொல்லாதீர்கள். எங்கே, எதனால் அடிபட்டது என்ற உண்மை தெரிந்தால்தான் மருத்துவர் எதைத் தேடுவது என்று முடிவெடுப்பார். காயத்தைப் பொறுத்து அவர் போலீசுக்குத் தகவல் தரவேண்டி வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்குபவரின் உரிமை

வீட்டில் தோல் சாட்டை வைத்திருப்பது குற்றமல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆபாசப் பொருள் என்று சொல்லிச் சுங்கத் துறை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. உள்நாட்டு இணைய வணிகத்துக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் விதிகள் பொருந்தும்: விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது, திருப்பித் தரும் நிபந்தனை எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். தோல் என்று சொல்லி ரெக்சின் அனுப்பினால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, படம், விளம்பர வாசகம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எல்லை மீறினால்

ஒருமுறை சம்மதித்ததால் புகார் செய்யும் உரிமை போய்விடாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்முறைக்கான 63ஆவது பிரிவு, சம்மதம் என்பதைச் சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றித் தெரிவித்த விருப்பம் என்று வரையறுக்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதற்காகச் சம்மதித்ததாக ஆகாது என்றும் சொல்கிறது. கணவன் மீது அந்தப் பிரிவில் வழக்குத் தொடரச் சட்டம் இன்னும் விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் காயப்படுத்தியதற்கான 115, 117ஆவது பிரிவுகளும், கொடுமைக்கான 85ஆவது பிரிவும் திருமணத்துக்குள்ளும் செல்லும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் கணக்கில் எடுக்கிறது. மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணும் அதில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

ஆண்களின் நிலை கடினம். பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு புதிய சட்டத்தில் இல்லாததால், வயது வந்த ஆண்மீதான பாலியல் வன்முறைக்குத் தனிப் பிரிவு கிடையாது. காயம், மிரட்டல், அடைத்துவைத்தல் ஆகிய பிரிவுகளில் புகார் தரலாம். திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவும் உண்டு.

படம் எடுத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவது நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் குற்றம். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் அனுப்புவதும் யாருக்கு நேர்ந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் வரும். சைபர் குற்ற உதவி எண் 1930.

அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டு வாங்குங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். காயங்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்; பழைய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். நீங்கள் எதற்குச் சரி என்றீர்கள், எங்கே நிறுத்தச் சொன்னீர்கள் என்பதை அவையே காட்டும்.