கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு கேப் வேணும்?

திருச்சி தில்லைநகர்ல ஏதாவது ஒரு கிராஸ் தெருவுக்குள்ள போய்ப் பாருங்க. ஒரு வீடு, அடுத்து ஸ்கேன் சென்டர், மறுபடி ஒரு வீடு, அதன் மாடியில் டியூஷன். கரன்ட் போனதும் யாரோ ஒருத்தர் படுக்கையறை ஜன்னல் பக்கம் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் பல நகரங்களில், வீட்டை ஒட்டிக் கடை கட்டுறவங்க எல்லையில் இத்தனை அடி அகலத்துக்கு மரம், செடி வைத்தே ஆகணும். நம்ம ஊரில் அதுக்குக் கிட்டத்தட்ட இணையான விஷயம், ‘செட்பேக்’. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலி இடம். எவ்வளவு விடணும்னு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்லுது. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினா, நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர். ஆனா இந்த இடம் முக்கியமா காற்று, வெளிச்சம், தீயணைப்பு வண்டிக்காக. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமெல்லாம் அப்புறம்தான். அதனாலதான் அந்த இடத்தில் வேப்பங்கன்றுக்குப் பதிலா பைக் வரிசை நிக்குது.

ஸ்ரீரங்கத்தில் கதையே வேற. உத்தர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. பக்கவாட்டில் இடைவெளிங்கிற பேச்சே கிடையாது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது திண்ணைதான். வெயில், தூசி, வர்றவன் போறவன் எல்லாம் அங்கேயே நின்னுடும். திண்ணையை இடிச்சு ஷட்டர் போட்டா, வாடகை வரும்; தெருவும் வீட்டுக்குள்ள வரும்.

மீட்டர் கணக்கில் தெளிவா தூரம் சொல்ற தொழில், பெட்ரோல் பங்க். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்படி, புதிய பங்க் குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். இடம் கிடைக்கலைன்னா கூடுதல் பாதுகாப்போடு குறைக்கலாம். அப்பவும் 30 மீட்டருக்குக் கீழ போகக்கூடாது.

சரி, மரம் வெச்சா சத்தம் நிக்குமா? ஒரு வரிசை அசோக மரம் சத்தத்தைப் பெருசா குறைக்காது. தூசி குறையும், வெயில் குறையும், எதிர்க் கட்டடத்துக்காரங்க உங்க ஹாலைப் பார்க்க முடியாது. இதுவே பெரிய லாபம்தான். சத்தத்துக்கு கனமான சுவர் வேணும், இல்லை தூரம் வேணும்.

ரெண்டும் இல்லாதவங்களுக்கு ஒலி மாசு விதிகள், 2000 இருக்கு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. உங்க பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலோ அதுக்கு மேலயோ போனா புகார் கொடுக்கலாம். அதனால புகாருக்கு முன்னாடி, உங்க தெரு மாஸ்டர் பிளானில் குடியிருப்பா, வணிகமான்னு பாருங்க. போன் ஆப் காட்டும் டெசிபல் தோராயம்தான். ஆனா எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வெச்சுக்க அது போதும். ஜெனரேட்டருக்கு ஒலி தடுக்கும் கூண்டு இருக்கான்னும் பாருங்க. கூண்டு இல்லைன்னா முதல் கேள்வியை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.