பத்துப் பரீட்சையில் ஒரு முட்டை!

குழந்தைகளே, நாளைக் காலை உங்களுக்குத் தமிழ்ப் பரீட்சை. அது முடிந்த கொஞ்ச நேரத்திலேயே கணக்கு. பிறகு அறிவியல்... இப்படி ஒரே நாளில் ஐந்து பரீட்சை, மறுநாள் இன்னும் ஐந்து! கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறதா? விளையாட்டில் நிஜமாகவே இப்படி ஒரு பரீட்சை இருக்கிறது. அதன் பெயர் டெகத்லான். கிரேக்க மொழியில் 'டெகா' என்றால் பத்து.

முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். இரண்டாம் நாள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல். எல்லாம் முடிந்து கால் துவண்டு போயிருக்கும்போது, கடைசியாக 1500 மீட்டர் ஓட்டம்!

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஆண்கள் எறியும் இரும்புக் குண்டின் எடை 7.26 கிலோ. அதைத் தூர எறிய, கனத்த தோளும் திரண்ட தொடையும் வேண்டும். 1500 மீட்டர் ஓடவோ ஒல்லியான உடம்புதான் வசதி. 100 மீட்டருக்கு வாணவெடி போலச் சீறிப் பாயும் வேகம் வேண்டும். 1500 மீட்டருக்கு நின்று எரியும் விளக்கு போலத் தம் பிடிக்க வேண்டும். ஒன்றுக்காக அதிகம் உழைத்தால் இன்னொன்று கெட்டுப்போகும். ஒரே உடம்பை வைத்துக்கொண்டு பத்தையும் சமாளிக்க வேண்டும், பாவம்!

மதிப்பெண் போடுவதும் பரீட்சை போலத்தான். யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. உதாரணமாக, நீளம் தாண்டுதலில் 7.76 மீட்டர் தாண்டினால் 1000 புள்ளி. பத்தையும் கூட்டி, அதிகம் பெற்றவருக்குத் தங்கம்.

சரி, பத்தில் ஒன்றில் முட்டை வாங்கினால் என்ன ஆகும்?

அமெரிக்க வீரர் டேன் ஓ'பிரையனுக்கு அது நடந்தது. 1991-ல் டோக்கியோவில் உலக சாம்பியன் ஆனவர் அவர். மறு வருடம் பார்சிலோனா ஒலிம்பிக். டேனுக்கா, அவருடைய நாட்டுக்காரரான டேவ் ஜான்சனுக்கா, யாருக்குத் தங்கம் என்று கேட்டு, ஒரு காலணி நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரமாகப் போட்டுத் தள்ளியது.

ஆனால், உலக சாம்பியனாகவே இருந்தாலும், அமெரிக்காவில் தகுதிப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் ஒலிம்பிக் போக முடியும். 1992 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அந்தப் போட்டி. ஏழு போட்டிகள் முடிந்தபோது டேன்தான் முதலிடம். எட்டாவது, கோலூன்றித் தாண்டுதல். இதில் குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்த உயரத்தில் தொடங்குவது என்பது வீரரின் விருப்பம். குறைந்த உயரங்களை விட்டுவிட்டால் தெம்பு மிச்சமாகும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால் வெளியேற வேண்டியதுதான்.

டேன் நேராக 4.80 மீட்டரில் தொடங்கினார். அதைவிட அதிக உயரம் தாண்டிப் பழகியவர்தான். முதல் முறை தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாவது முறை... அதுவும் போயிற்று! தாண்டியிருந்தால் 849 புள்ளி, இப்போது பூஜ்யம். பார்சிலோனாவுக்கு டேவ் போனார், காலில் எலும்பு முறிவோடு போட்டியிட்டு வெண்கலம் வென்றார். டேனுக்கு அணியிலேயே இடமில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தப் பூஜ்யத்துக்குப் பிறகும் ஈட்டி எறிதலும் 1500 மீட்டரும் பாக்கி இருந்தன. இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரியும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாமாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். டேன் போகவில்லை. ஈட்டியை எறிந்தார், 1500 மீட்டரையும் ஓடி முடித்தார். கடைசிக் கணக்கில் பதினோராவது இடம்!

செப்டம்பரில் பிரான்சு நாட்டில் டாலன்ஸ் என்ற ஊருக்குப் போட்டிக்குப் போனார். அங்கே கோலூன்றி 5 மீட்டர் தாண்டினார். மொத்தம் 8891 புள்ளி, புதிய உலக சாதனை! ஒலிம்பிக் தங்கத்துக்கு நான்கு வருடம் காத்திருந்து, 1996-ல் அட்லாண்டாவில் வாங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அதே டாலன்சில் 2018-லும் இப்படி ஒன்று நடந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், பிரான்சு வீரர் கெவின் மேயர் நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் ஃபவுல் செய்து பூஜ்யம் வாங்கினார். அடுத்த மாதமே டாலன்சில் 9126 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்துவிட்டார்!

அடுத்த முறை டி.வி.யில் டெகத்லான் காட்டினால், 1500 மீட்டர் முடிந்ததும் சேனலை மாற்றிவிடாதீர்கள். ஓடி முடித்தவர்கள் தரையில் அப்படியே விழுந்து கிடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கி விடுவார்கள். பிறகு தங்கம் வென்றவர், கடைசியில் வந்தவர் எல்லோருமாகச் சேர்ந்து, கூட்டத்துக்குக் கையசைத்தபடி மைதானத்தைச் சுற்றி வருவார்கள்.