ஊர்த் திருநாளும் ஒரே முகவரியும்

ஆவணி மூலம் நெருங்கிவிட்டால் திருவாதவூரில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "சாமி மதுரைக்கு என்றைக்குப் புறப்படுகிறது?" மாணிக்கவாசகர் பிறந்த ஊர் எங்கள் ஊர். நரியைப் பரியாக்கிய லீலையும், பிட்டுக்கு மண் சுமந்த லீலையும் மதுரையில் நிகழும்போது அவர் இல்லாமல் விழா நிறைவுறாது. ஆகவே ஆண்டுதோறும் இங்கிருந்து அவர் மதுரைக்கு எழுந்தருளுகிறார்.

முன்பு இக்கேள்விக்கு விடை கோயில் சுவரில் ஒட்டிய அழைப்பிதழில் இருந்தது. இன்று கைபேசியில் தேடுகிறோம். தேடினால் ஒன்றுக்கு மூன்று விடைகள் கிடைப்பதுண்டு. அவற்றுள் ஒன்று சென்ற ஆண்டினுடையதாகவும் இருக்கும்! ஓர் அமைப்பின் நிகழ்ச்சிப் பட்டியல் அதன் தலைமை இணையதளத்திலேயே இருக்க வேண்டுவது ஏன், அதனை அங்கே மாற்றுவது எப்படி என்று இங்கு நோக்குவோம்.

இரண்டு பட்டியல்களின் தொல்லை

தலைமை இணையதளத்தைத் திருத்தும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும்; விழாவை நடத்துபவர் வேறொருவராக இருப்பார். அவசரத்திற்கு அவர் தனியே ஒரு பக்கம் தொடங்குவார். நாளடைவில் பட்டியல் இரண்டாகிவிடும். நேரம் மாறினால் ஒன்றைத் திருத்துவர், மற்றொன்றை மறப்பர். அதிலும் நம் திருவிழாக்கள் விண்மீனையும் திதியையும் பற்றி வருவன. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஆண்டு குறிக்காத பழைய பட்டியல், எழுதிய நாளில் மெய்யாக இருந்து, மறு ஆண்டில் பொய்யாகிவிடுகிறது.

தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு வந்த அழகர், மணம் முடிந்துவிட்ட செய்தியை வைகைக் கரையில் கேட்டுத் திரும்பினார் என்பது மக்கள் வழங்கும் கதை. அழகருக்கே அந்த நிலை என்றால், மேலூரில் பேருந்து ஏறி வரும் மூதாட்டியின் நிலை என்ன?

தமிழகத்தில் நடந்த மாற்றம்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்கு முன்பு தனி இணைய முகவரி இருந்தது. இன்று அக்கோயிலின் பக்கமும், பழனி, திருச்செந்தூர் முதலிய கோயில்களின் பக்கங்களும் இந்து சமய அறநிலையத் துறையின் தலைமை முகவரியின் கீழ் அமைந்துள்ளன. நம்பத்தகுந்த ஓரிடம் இருப்பதன் அருமை 2020-இல் விளங்கிற்று. கொரோனா காரணமாக அவ்வாண்டு சித்திரைத் திருவிழா நடைபெறவில்லை. மே 4 அன்று திருக்கல்யாணம் மட்டும் கோயிலுக்குள் நடந்தது. வீட்டிலிருந்த மக்கள் கோயிலின் இணையதளம் வழியே அதனைக் கண்டனர்.

மாற்றும் முறை

பழைய பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது மாற்றமாகாது. முதலாவது, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனிப் பதிவாக்க வேண்டும்: பெயர், ஆண்டுடன் தேதி, நேரம், இடம், நடத்துபவர். இவ்வாறு பிரித்து வைத்தால் ஒரு முறை எழுதியதையே முகப்பிலும், மாதப் பட்டியலிலும், கைபேசி நாட்காட்டியிலும் காட்டலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும்.

இரண்டாவது, எழுத்து. பழைய தமிழ்ப் பக்கங்கள் பல தனித்தனி எழுத்துருக்களில் அமைந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வெறும் குறிகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, பழைய முகவரி. அதனை அழித்துவிடலாகாது. அங்கே வருபவரைப் புதிய இடத்திற்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாடு உண்டு. 'நிரந்தரமாக இடம் மாறியது' என்று பொருள்படும் 301 என்னும் எண்ணை இணையதளம் அனுப்பும். தேடுபொறிகளும் அதைக் கண்டு தம் குறிப்பைத் திருத்திக்கொள்ளும்.

தேனூர் காட்டும் வழி

இந்த மூன்றாவது பாடம் மதுரைக்குப் புதிதன்று. அழகர் முற்காலத்தில் தேனூரில்தான் வைகையாற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் (1623–1659) அவ்விழாவை மதுரைக்கு மாற்றி மீனாட்சி திருக்கல்யாணத்தோடு இணைத்தார் என்றும் மரபு கூறுகிறது. இடம் மாறியது, பழைய ஊர் மறைந்துவிடவில்லை. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிக்கும் வண்டியூர் மண்டபத்திற்கு இன்றும் 'தேனூர் மண்டபம்' என்றே பெயர். பழைய முகவரியைப் புதிய இடத்தில் நினைவூட்டும் கலையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் எனின் அது மிகையாகாது.

எவ்வளவு நல்ல தளமாயினும், திருத்த ஆளில்லையேல் அது பாழடைந்த மண்டபமே. ஆகவே பட்டியலுக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது மேற்கூறிய மூன்றினும் முதன்மையானது. திருவாதவூர்ப் புறப்பாடு இரண்டு கோயில்களுக்கு உரியது. எனினும் நேரத்தை எழுதும் கை ஒன்றாக இருக்கட்டும். மற்றவர் அதனைச் சுட்டிக் காட்டினால் போதும்.

நம் கல்லூரியிலும் விழா அறிவிப்பு துறைக்கொரு பலகையிலும், வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழுவிலும் சிதறிக் கிடக்கிறது. அதனைக் கல்லூரித் தளத்தில் ஒன்றுசேர்க்கும் பணியை மாணவர்களாகிய நாமே மேற்கொண்டால் என்ன? கேட்பவருக்குச் சரியான நாளைச் சொல்வதும் ஒரு தொண்டுதான்.