நரிக்குக் கொம்பு முளைத்த கதை

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். நரிக்குக் கொம்பு கிடையாது. ஆண் நரிக்குக் கிடையாது, பெண் நரிக்குக் கிடையாது, கூட்டத்துக்குத் தலைமை தாங்கி ஊளையிடும் நரிக்கும் கிடையாது. ஆனாலும் திருச்சியில் நரிக்கொம்பு கிடைக்கிறது!

"பர்ஸ்ல வெச்சுக்குங்க ஸார், பிரமோஷன் நிச்சயம்!" என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் என்னிடமும் நீட்டினார். சுண்டுவிரல் நுனி அளவில் என்னவோ ஒன்று, அடியில் கொஞ்சம் ரோமம். நான் பி.காம். எதிலும் பற்று, வரவு பார்க்கிற புத்தி. "இவ்வளவு அதிர்ஷ்டத்தைக் கையில வெச்சுக்கிட்டு நீங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்றேன். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

தமாஷ்தான். ஆனால் இந்தக் கணக்கில் பற்று எழுதப்படுவது நரியின் பெயரில். 'கொம்பு' என்பது அநேகமாக நரியின் எலும்பையும் தோலையும் வைத்து ஒப்பேற்றியதாக இருக்கும். இல்லாவிட்டால் வேறு ஏதோ பாவப்பட்ட பிராணியுடையது. பல்லுக்கு ஒரு விலை, தோலுக்கு ஒரு விலை, இறைச்சிக்கு ஒரு விலை. இல்லாத கொம்புக்குத்தான் விலை ஜாஸ்தி.

2020 ஜூன் மாதம். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் ஜீயபுரம் பகுதி. இறைச்சிக்குள் நாட்டு வெடியை வைத்துப் போட்டிருந்தார்கள். பசியோடு வந்த நரி கடித்தது. வாய் சிதறிச் செத்தது. மூட்டையைச் சோதித்த போலீஸார் 12 பேரைக் கைது செய்தார்கள். கேரளாவில் வெடியைக் கடித்துக் கர்ப்பிணி யானை செத்ததற்காக நாடே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நரிக்கு அவ்வளவு கண்ணீர் மிச்சமில்லை. பாட்டி வடை சுட்ட கதையிலேயே அதன் கேரக்டர் சர்டிபிகேட்டைக் கெடுத்துவிட்டோமே!

இத்தனைக்கும் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பதும் நாம்தான். வாழப்பாடி பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து வந்து ஓடவிடும் பழக்கம் உண்டு. வனத்துறை அபராதம் போட்டும் பார்த்தது. யோகம் நமக்கு, கிலி நரிக்கு.

வரவுப் பக்கத்தையும் பார்ப்போம். நரி, ஓநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. வயல் எலியைத் தின்கிறது, செத்துக் கிடப்பதைச் சுத்தம் செய்கிறது. பஞ்சப்படி, போனஸ் எதுவும் கேட்டதில்லை. முட்டையைத் தின்ன நரி இல்லாமல் போனதால்தான் மயில் பெருகிப் பயிரை மேய்கிறது என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். போன பிறகுதான் அருமை தெரிகிறது, நல்ல ஹெட்கிளார்க் ரிடையர் ஆனமாதிரி.

சட்டம் தூங்கவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, நரியை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. கொன்றால் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் ஜெயில். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கொன்றவருக்கு மட்டும்தானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல்லோ தோலோ, வாங்கினாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம்.

ஆகவே, யாராவது நரிக்கொம்பு என்று நீட்டினால் பர்ஸைத் திறக்காதீர்கள். வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள். வாங்க ஆளில்லாத சரக்குக்காக யாரும் வெடி வைக்க மாட்டார்கள், இது பி.காம். முதல் வருஷப் பாடம். பிரமோஷன் சமாசாரம் மேனேஜரின் பேனாவில் இருக்கிறது. நரிக்கு அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை.