வயித்துக்குள்ள ஒரு டிராஃபிக் ரிப்போர்ட்!

ஹாரன் அடிச்சுக்கிட்டே எக்ஸ்பிரஸ் ரயில் வருது. கிட்ட வரும்போது 'கீச்'னு கேட்ட சத்தம், நம்மளைத் தாண்டினதும் சட்டுனு இறங்கிடும். ஆமா பாஸ், ஸ்கூல்ல மார்க்குக்காக உருப்போட்டோமே... அதே டாப்ளர் விளைவுதான்!

1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் இதைச் சொன்னது நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க. 1977-ல் டப்ளின் ஆராய்ச்சியாளர்கள் அதே தத்துவத்தை வைத்து, தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதை அல்ட்ராசவுண்டில் அளந்து காட்டினார்கள். இங்கே ரயிலுக்குப் பதில் ரத்த அணுக்கள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றம்தான் வேகத்தைச் சொல்லும்.

ஆனா ஒரு சிக்கல். ஃபார்முலாவில் 'காஸ் தீட்டா' இருக்கே... முறுக்கிக்கிட்டுக் கிடக்கிற கொடிக்கு கோணத்தை எப்படி அளக்கறது? டாக்டர்கள் செய்வது சிம்பிள். குழந்தையின் இதயம் சுருங்கும்போது இருக்கும் வேகத்தை, அடுத்த துடிப்புக்கு முன்னால் இருக்கும் வேகத்தால் வகுத்துடறாங்க. காஸ் தீட்டா அவுட்!

தொப்புள்கொடியின் ரெண்டு தமனிகளும் குழந்தையின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகும். நஞ்சுக்கொடி நல்லா இருந்தா, துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் நிக்காம முன்னோக்கி ஓடும். அங்கே ரத்தக்குழாய்கள் பழுதானால் எதிர்ப்பு கூடும். ஓட்டம் குறையும், அப்புறம் நின்னுபோகும், நிலைமை இன்னும் மோசமானால் பின்னோக்கியே ஓடும். அப்போ குழந்தையின் உடம்பு என்ன பண்ணும் தெரியுமா? மூளைக்குப் போகும் குழாய்களை விரிச்சு, கிடைக்கிற ஆக்சிஜனை முதலில் அங்கே அனுப்பும். பிறக்கும் முன்னாடியே என்ன ஒரு மேனேஜ்மென்ட்!

டாக்டருக்கு நிஜமான பரீட்சை இங்கேதான். உடனே வெளியே எடுத்தா குறைமாசக் குழந்தை. நுரையீரல் தயாரா இருக்காது. உள்ளேயே விட்டா ஆக்சிஜன் பத்தாது. இன்னிக்கா, இன்னும் நாலு நாள் கழிச்சா? முடிவெடுக்க உதவும் முக்கியமான தடயங்களில் ஒன்று அந்த அலைவடிவம்.

எல்லா கர்ப்பிணிகளுக்கும் இது கட்டாயம் தேவைன்னு இல்லை. அம்மாவுக்கு பி.பி. அதிகம், குழந்தையின் வளர்ச்சி கம்மி... இப்படி ரிஸ்க் இருக்கும் கர்ப்பங்களில் டாப்ளர் பார்ப்பது சிசு மரணங்களைக் குறைப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

அதனால, அக்காவோட ஸ்கேன் சீட்டில் 'டாப்ளர்'னு எழுதியிருந்தா பதறாதீங்க. ரத்தம் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கறாங்க, அவ்வளவுதான். முடிஞ்சா கூடவே போய், அந்த 'வுஷ்... வுஷ்...' சத்தத்தைக் கேட்டுட்டு வாங்க!