வாரம் ஏழு நாளும் "டூட்டி"! வாலிபர்களைத் தேடிப் போகும் இளம் போதகர்

"பாதிரியார் உத்தியோகம்னா ராஜ உத்தியோகம்ப்பா! ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் பேசினா போதும். மத்த ஆறு நாளும் ரெஸ்ட்டு!"

டீக்கடை பெஞ்சில் இப்படிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு.

சென்னை பெரம்பூர் பக்கத்தில் ஒரு சபையில் வாலிபர்களுக்கென்று இருக்கும் இளம் போதகரிடம் இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. சிரிப்புதான் வரும்.

"ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு லேசான நாள். அன்னிக்கு நான் பேசுறேன், அவங்க கேட்கிறாங்க. மத்த ஆறு நாளும் அவங்க பேசுவாங்க, நான் கேட்கணும். அதுதாங்க கஷ்டம்" என்கிறார் அவர்.

வயது 34. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஒரே பெண் குழந்தை. ஓட்டுவது பழைய மோட்டார் சைக்கிள்.

சபையில் பெரியவர்கள் இவரை "தம்பி" என்கிறார்கள். இளைஞர்களுக்கு இவர் "பாஸ்டர் அண்ணா". சபைக்குத் தலைமைப் போதகர் வேறு ஒருவர் இருக்கிறார். 15 வயதில் இருந்து 30 வயது வரை உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது இவருடைய பொறுப்பு.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? அவருடைய ஒரு வார வேலையைப் பார்த்தால் புரியும்.

காலி பெஞ்சுகள்

ஞாயிறு காலை ஆராதனை. பிறகு சிறுவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளி. மாலை 5 மணிக்கு வாலிபர் கூட்டம். கிட்டார் உண்டு, பாட்டு உண்டு, வேதபாடம் உண்டு. கடைசியில் ஒரு சமோசாவும் டீயும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கூட்டத்தில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. சபைப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

"பசங்களுக்கு பக்தி கொறஞ்சு போச்சு. செல்போன் கெடுத்திடுச்சு" என்றார் ஒருவர்.

போதகர் பதில் பேசவில்லை. வராதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினார். ஒவ்வொரு வீடாகப் போனார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

பக்தி குறையவில்லை. லீவு இல்லை!

ஒரு பையன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். ஞாயிறுதான் அவனுக்கு ஆர்டர் குவியும் நாள். இன்னொருவன் தியாகராய நகரில் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வாரத்தில் ஏதோ ஒரு நாள் லீவு. அது ஞாயிறாக இருந்தால் அதிசயம்.

ஜவுளிக்கடைப் பையன் தொடங்கிய சங்கம்

வாலிபர் ஊழியத்தின் பழைய கதையை எடுத்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1780-ம் ஆண்டு ஞாயிறு பள்ளிகளைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் வாரம் முழுவதும் வேலைக்குப் போனார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. அதனால்தான் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

1844-ம் ஆண்டு லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியது. தொடங்கியவர் ஜார்ஜ் வில்லியம்ஸ். அவர் பாதிரியார் அல்ல. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த 22 வயதுப் பையன்! காலையில் இருந்து இரவு வரை கடையில் நிற்பது, கடை மாடியிலேயே படுத்துத் தூங்குவது என்று இருந்த சக ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் ஜெபக்கூட்டம் நடத்தினார். அந்தச் சங்கம் 1890-ம் ஆண்டு சென்னைக்கு வந்தது.

"அந்தக் காலத்துல ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால ஞாயிறு பள்ளி வெச்சாங்க. இந்தக் காலத்துல நம்ம பசங்களுக்கு ஞாயிறு ஒண்ணுதான் லீவு இல்ல. அப்ப நாமதானே நாளை மாத்திக்கணும்?" என்று கேட்கிறார் போதகர்.

மாற்றிக்கொண்டார்.

இரவு 11 மணி

இப்போது புதன்கிழமை தோறும் இரவு 11 மணிக்கு அயனாவரத்தில் ஒரு டீக்கடை ஓரம் இவரைப் பார்க்கலாம். வேலை முடிந்த பையன்கள் ஒவ்வொருவராக வண்டியை நிறுத்துகிறார்கள். ஏழெட்டுப் பேர் வருவார்கள். சில நாள் இரண்டே பேர்தான்.

அங்கே பிரசங்கம் கிடையாது. பாட்டு கிடையாது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சாப்பிட்டியாடா?"

நாள் முழுவதும் அடுத்தவருக்குச் சாப்பாடு சுமந்தவன், தான் சாப்பிட்டிருக்க மாட்டான் என்பது போதகர் அனுபவத்தில் கண்டது.

அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்ல. ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன சார், மதம் மாத்துறீங்களா?" என்று கேட்டார்.

"பசியை மாத்துறோம் சார். நீங்களும் ஒரு டீ சாப்பிடுங்க" என்றார் போதகர். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்.

அங்கே வரும் இளைஞர் ஒருவர் கூறியதாவது:-

"எங்க வீட்ல அம்மனைத்தான் கும்பிடுவோம். அண்ணன் ஒரு நாளும் மாறச் சொன்னது இல்ல. போன வருஷம் கீழ விழுந்து கால் ஒடஞ்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கெடந்தேன். ராத்திரி எங்கம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டு அவருதான் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு. அதை எப்படிங்க மறக்க முடியும்?"

செல்போனில் சீட்டு

எல்லாப் பேச்சும் டீயோடு முடிவதில்லை.

ஒரு புதன்கிழமை எல்லாரும் போன பிறகும் ஒருவன் மட்டும் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வாய் திறந்தான். செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடி, அக்காள் கல்யாணத்துக்கு வைத்திருந்த சீட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டான். வீட்டுக்குத் தெரியாது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் இந்தப் பையனுடைய பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

"ஜெபம் பண்ணுங்கண்ணா" என்று அழுதான்.

"பண்றேன். ஆனா முதல்ல ரெண்டு பேரும் உங்கப்பாகிட்ட போவோம். உண்மையைச் சொல்றது உன் வேலை. கூட நிக்கிறது என் வேலை" என்றார் போதகர்.

போனார்கள். தகப்பனார் அடிக்கக் கை ஓங்கினார். அந்த அடியில் பாதி போதகர் தோளில் விழுந்தது. மூன்று மாதம் தகப்பனார் மகனோடு பேசவில்லை. பையன் இப்போது மாதா மாதம் சம்பளத்தில் பணம் கட்டி வருகிறான். அக்காள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனது.

ரிசல்ட் நாள்

மே மாதம் பிளஸ்-2 ரிசல்ட் வரும் நாளில் போதகர் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. காலையிலேயே போனை சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறார்.

பாஸ் ஆனவர்கள் போன் செய்வார்கள். செய்யாதவர்கள்தான் இவருக்குக் கவலை. நேராக அந்த வீட்டுக்குப் போய்விடுவார். "துணைத் தேர்வு இருக்கு. வருஷம் வீணாகாது. வா, பிரியாணி சாப்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போவார்.

எல்லாவற்றுக்கும் ஜெபம் ஒன்றே போதும் என்று இவர் சொல்வதில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போகிறார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் பலமுறை போயிருக்கிறார். 1794-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியைச் சொன்னாலே கேலி செய்யும் பழக்கம் ஊரில் இன்னும் போகவில்லை.

"சர்க்கரைக்கு மாத்திரை போடுறோம். பிரஷருக்குப் போடுறோம். மனசுக்கு மட்டும் ஏன் வெட்கம்? ஜெபமும் பண்ணு, மாத்திரையும் போடு" என்பது இவர் வாதம்.

மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கு 14416 என்ற இலவச அரசு எண் இருக்கிறது. அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதி வாலிபர் கூட்டம் நடக்கும் அறையின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

"அவங்க நம்ம ஆளு இல்லையே!"

சபைக்குள்ளேயும் சண்டை உண்டு.

பாடகர் குழுவில் பாடும் ஒரு பையனும் பெண்ணும் விரும்பினார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள். ஒரே சபை. ஒரே வரிசையில் நின்று திருவிருந்து எடுப்பவர்கள். அப்படியும் பெண் வீட்டில் சம்மதம் இல்லை.

"அவங்க நம்ம ஆளு இல்லையே தம்பி" என்றார் பெண்ணின் தகப்பனார். சாதி!

"ஒரே பாத்திரத்துல குடிக்கிறோமே ஐயா, அப்ப ஆளு பார்த்தோமா?" என்று கேட்டார் போதகர்.

அந்தப் பெரியவர் எழுந்து போய்விட்டார். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்கு மாறிவிட்டன. கமிட்டிக் கூட்டத்தில் போதகருக்குக் கண்டனம் கிடைத்தது. கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

பதில் இல்லாத கேள்வி

இத்தனையும் தாங்கிய போதகரை ஒரே ஒரு கேள்வி சாய்த்துவிட்டது.

2023-ம் ஆண்டு மழைக்காலம். புதன்கிழமைக் கூட்டத்துக்கு வரும் 22 வயதுப் பையன் ஒருவன், இரவில் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் நின்ற சாலையில் வண்டி சறுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. தகப்பன் இல்லாத வீடு. ஒரே மகன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாயார் போதகரைப் பார்த்துக் கேட்டார்:-

"தினமும் அவன் வண்டி மேல கை வெச்சு ஜெபம் பண்ணித்தானே ஐயா அனுப்பினேன். ஒரு நாள் தவறினது இல்லையே. அப்புறம் ஏன் ஐயா?"

சுற்றி இருந்தவர்கள் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார்கள். தாயார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போதகரிடம் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் படித்தது எதுவும் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதார். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏற முடியாது என்றார். "இனிமே இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்ல" என்று ராஜினாமா கடிதமும் எழுதிவிட்டார்.

கடிதத்தை முதலில் காட்டியது ஓய்வு பெற்ற ஒரு வயதான போதகரிடம். அவர் அதை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார்.

"யோபுவுக்குக் கஷ்டம் வந்தப்ப மூணு சிநேகிதங்க வந்தாங்க. ஏழு நாள், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாம அவனோட தரையில உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் சரியாத்தான் செஞ்சாங்க தம்பி. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க பாரு, அங்கதான் கெட்டுது. அந்த அம்மா பதில் கேட்கல. நீ அடுத்த வாரமும் வருவியான்னு கேட்கிறாங்க. போ!"

வியாழக்கிழமை காபி

போனார். அந்த வாரம் வியாழக்கிழமை மாலை. அடுத்த வியாழன். அதற்கடுத்த வியாழன்.

முதலில் தாயார் பேசவே இல்லை. காபி மட்டும் வைப்பார். போதகர் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்றால் போய் வருவார். காப்பீட்டுப் பணத்துக்கான தாள்களை எடுத்துக்கொண்டு அலைவார். ஜெபம் செய்யட்டுமா என்று கேட்பார். தலையசைத்தால் செய்வார். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுவார்.

எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை வெளியே மழை பிடித்துக்கொண்டது. தாயார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பசங்க இன்னும் ராத்திரியில அங்க வராங்களா ஐயா?"

"வராங்கம்மா."

"மழை பெய்யிற அன்னிக்கு வர வேணாம்னு சொல்லுங்க. நேரா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

அந்தத் தாயார் இன்றும் எல்லா ஞாயிறும் கோவிலுக்கு வருவதில்லை. வந்தாலும் சில பாட்டுகளைப் பாடாமல் நிற்கிறார். போதகர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"விசுவாசம்னா எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சு வெச்சிருக்கிறதுன்னு நினைச்சிருந்தேன். இப்ப அப்படி நினைக்கல. பதில் தெரியாத வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போறது இருக்கே, அதுக்குத்தான் எனக்கு விசுவாசம் தேவைப்படுது" என்கிறார் அவர்.

மழை நாளில்தான் சாப்பாட்டு ஆர்டர் அதிகம். காசும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அதனால் பையன்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வானம் இருட்டும் புதன்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் போதகரிடம் இருந்து போன் போகிறது.

"இன்னிக்கு டீ கிடையாது. வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போ. இது அம்மா ஆர்டர்!"